மேப் தாதாவின் பந்தல்கள்

"தம்பி, ஒரு நிமிஷம். இந்த டார்ச்சுக்கு எதுக்குங்க உங்க சித்தப்பா நம்பரு?"

லேக் மார்க்கெட் டிபன் கடையில் யாருடைய போனோ சிபியின் கையில் இருக்கிறது. போனின் சொந்தக்காரர், எதிரே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவர், கையில் ஸ்பூனோடு திகைத்துப் போயிருக்கிறார். சிபி செட்டிங்ஸுக்குள் நுழைந்து, அந்த டார்ச் ஆப்புக்குக் கொடுத்திருக்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுகிறார். தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக். "லைட்டு எரியறதுக்கு மைக்கு எதுக்குங்க? எரிஞ்சுட்டனான்னு நம்மளக் கேக்கவா?" அதற்குள் அவருடைய நெய் தோசை ஆறி விறைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிபி சூடான தோசை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா வந்து, டாக்குரியாவில் நான் தங்கியிருக்கும் வீட்டின் மேல்மாடியில் மனைவி சுபிக்ஷாவோடு குடியிருக்கிறார். அவர் போனில் ஓப்பன் சோர்ஸ் ஆப்களைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. செய்த விதத்தை ஒளிக்காமல் ஊருக்கே திறந்து வைத்திருக்கும் ஆப்கள் அவை. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. சிபி இதை "சமையக்கட்டத் தொறந்து வச்ச ஓட்டலு" என்பார்.

"சமையக்கட்டு தொறந்துதானுங்க இருக்குது. சோறுதான் இன்னும் வேகல" என்பது சுபிக்ஷாவின் பதில்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. சிபியின் போன் கேமராவில் பொங்கலன்று எடுத்த படத்தில் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. மளிகைக் குறிப்பு எழுதும் ஆப்பில் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடாவிட்டால் முருங்கைக்காயும் துவரம்பருப்பும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். காலை அலாரம், ஒரு பெருக்கல் கணக்குக்குச் சரியான விடை சொன்னால்தான் வாயை மூடும். சிபி போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவார். கணக்குப் போடுவது சுபிக்ஷா. "கல்யாணத்துக்கு முன்னாடி பதிமூணாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியாதுங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். குரலில் பெருமையா புகாரா, கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆப் ஒன்று திறக்காமல் செத்துப் போனால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். சிபி நிமிர்ந்து உட்காருவார். உடனே, எங்கோ இருக்கும் அதன் தயாரிப்பாளருக்குப் பணிவாக எழுத ஆரம்பிப்பார். எனக்குப் படித்துக் காட்டிய கடிதங்களின் சாரம் எப்போதும் ஒன்றுதான்: ஐயா, தங்கள் ஆப் மிக அருமை, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. ஒருமுறை பதிலாக ஒரே ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மறுநாள் அலுவலகம் முழுக்க சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். அவருடைய காலண்டர் ஆப் வெகு நாளாகப் புதுப்பிக்கப்படவில்லை. தேதிகள் திரையின் ஓரத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தன. வேறு மாற்றுங்களேன் என்றேன். சிபி ஏதோ வீட்டு விஷயம் போலக் குரலைத் தாழ்த்தினார். "காலண்டர்காரருக்குக் கொழந்த பொறந்திருக்குதுங்க தம்பி. போர்ச்சுகல்ல இருக்கறாரு. பகல்ல ஆஸ்பத்திரி வேல, ராத்திரி கொழந்தையத் தூங்க வச்சுட்டுத்தான் கம்ப்யூட்டரத் தொறக்கணும். ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கலாமுங்க." நான் நூறு ஆப் வைத்திருக்கிறேன். ஒன்றின் பின்னாலும் எனக்கு ஒரு மனிதரைத் தெரியாது. அவருக்கு எல்லோரையும் தெரியும்.

தரத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் வைத்திருக்கும் வீடியோ பிளேயர் எதைக் கொடுத்தாலும் ஓட்டும். புத்தகம் படிக்கும் ஆப் அவ்வளவு அழகு, நானும் மாறிவிட்டேன். வரைபட ஆப்பை வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும். அது ஊரே சேர்ந்து வரையும் வரைபடம். அவரவர் தெருவை அவரவரே சேர்க்கலாம், அழிக்கலாம். இதில்தான் சிபி மூழ்கிப் போனார். மாலையில் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும் வழியில் குழாய், பெஞ்சு, புச்கா என்னும் பானிபூரி வண்டி நிற்கும் முனை என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். தெருவில் அவருக்கு மேப் தாதா, அதாவது மேப் அண்ணன், என்றே பெயர். எதிர்வீட்டுப் பெரியம்மா, தெருவுக்கே மாஷிமா, பால்கனியில் நின்று, தன் தெருக்குழாயைச் சேர்க்கவில்லை என்று வங்காள மொழியில் சண்டையே போட்டிருக்கிறார்.

போன துர்கா பூஜைக்கு மேப் தாதா உச்சத்தில் இருந்தார். இந்த ஊரில் பூஜை என்றால் பாதித் தெருக்களின் குறுக்கே பந்தல் நிற்கும். கால்நடையாகப் போகலாம், வண்டி போகாது. சிபி சாயங்காலம் தோறும் அலைந்து, டாக்குரியாவிலிருந்து காளிகாட் வரை பந்தல் நின்ற ஒவ்வொரு சாலையையும் வரைபடத்தில் 'மூடப்பட்டது' என்று குறித்தார். யாரோ முகம் தெரியாத நான்கு பேர் நன்றி எழுதினார்கள். பூஜை முடிந்த கையோடு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்.

மாசி மாதத்தில் அவருடைய மாமனார் சொக்கலிங்கம் மகளைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளையிடம் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியமும் பேசாத மனிதர். இருந்த நாளெல்லாம் சிபி அவருக்கு வரைபடத்தைக் காட்டிப் பரவசப்பட்டார். திரும்பிப் போகும் நாளன்று ஹவுரா ஸ்டேஷனில் மாலை ரயில். ஊரில் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டுப் பெரியவராக இவர் நின்றால்தான் தட்டு மாற்ற முடியும்.

டாக்ஸி வந்து நின்றதும் சுபிக்ஷா தெருவிலேயே கணவரிடம் சொல்லிவிட்டார். "டிரைவருக்கு வழி தெரியும், விட்டுருங்க. இல்ல, என்ர ஆப்புதான் வழி சொல்லணும்னீங்கன்னா, ஒண்ணு கேட்டுக்கங்க. அப்பா வண்டிய விட்டாருன்னா, ஊர்ல எல்லாரும் வச்சிருக்கற அத்தன ஆப்பையும் உங்க போன்ல நானே போட்டுருவேன்."

"போட்டுக்க" என்றார் சிபி, தேர்தலில் நிற்பவரைப் போல.

நான் மடியில் பெட்டியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். டாக்குரியா பாலத்தைத் தாண்டியதும், அந்த ஆப்பின் மூக்கடைத்த தமிழ்க்குரல் ஒரு சந்துக்குள் திரும்பச் சொன்னது. வயதான வங்காளி டிரைவர், "ஷோஜா ஜாபோ, தாதா?" என்றார். நேராகவே போகட்டுமா என்று கேட்கிறார். "நா நா, பந்தோ" என்றார் சிபி. அந்தச் சாலை மூடியிருக்கிறதாம்.

சந்திலிருந்து வெளியே வந்தோம். இன்னொரு சந்து. டிரைவர் கேட்டார், சிபி மறுத்தார். ஒரு மீன் கடையைக் கடந்தோம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு குளம், பிறகு அதே மீன் கடை. மூன்றாவது முறை கடந்தபோது சொக்கலிங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மாப்ள, இந்த மீன்காரரு நம்மளக் கும்புடறாருங்க."

"ரோட்டுல எல்லாம் அடைப்புங்க மாமா. அதுக்குத் தெரிஞ்சுதான் சுத்திக் கூட்டிட்டுப் போகுது."

"செரிங்க மாப்ள. வண்டியும் நமக்காக நிக்குமுங்களா?"

சுபிக்ஷா தன் போனை எடுத்து, எதை முதலில் போடலாம் என்று தேடுவதைப் போலத் தள்ளிக்கொண்டிருந்தார்.

டிரைவர் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். திரும்பி உட்கார்ந்து, "பந்தோ கேனோ?" என்றார். ஏன் மூடியிருக்கிறது, அதைச் சொல். சிபி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, சாலையின் மேல் இருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டார். ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு விரிந்தது. துர்கா பூஜைப் பந்தல். கீழே, அதைச் சேர்த்தவர் பெயர். சிபியின் பெயர்.

டிரைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். இந்த ஊரில் தை மாதம் வரும் சரஸ்வதி பூஜையே முடிந்து பொம்மையை ஆற்றில் கரைத்தாகிவிட்டது.

"புஜோ தோ கபே ஷேஷ், தாதா" என்றார் இரக்கத்தோடு. பூஜை எப்போதோ முடிந்துவிட்டதே அண்ணா.

மூங்கிலும் துணியும் பிரித்துக்கொண்டு போய் மாதங்கள் ஆகியும், சிபியின் வரைபடத்தில் எல்லாப் பந்தலும் அப்படியே நிற்கின்றன. அவர் ரயிலில் போய் ரயிலில் வருகிறவர், மற்ற இடமெல்லாம் நடைதான். இந்த ஊரில் அவர் காரில் வழி தேடியது இதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளுத்தது, பிறகு எனக்கு நம்பவே முடியாதபடி ஒளிர்ந்தது.

"மாமா, ஆப்பு தப்பே பண்ணலீங்க. நான் சொன்னத ஒண்ணு விடாம அப்படியே கேட்டிருக்குதுங்க."

"சொன்னதெல்லாம் கேக்குதுன்னா அதையே கட்டியிருக்கலாமுங்க" என்றார் சுபிக்ஷா.

"அம்மணி, அதெல்லாம் அப்பறம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க மாப்ள."

"ஷோஜா" என்றார் சிபி.

டிரைவர் அன்று ஓட்டியதைப் போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. கரியாஹாட்டைக் கடந்து, ராஷ்பிஹாரியைக் கடந்து, சிபி அடைத்து வைத்திருந்த ஒவ்வொரு சாலையிலும் நேராகப் புகுந்தார். மூக்கடைத்த குரல் திரும்பவும், திரும்பவும் என்று கெஞ்சிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் கார் தாண்டும்போது சிபி மோதப்போவதைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"இப்ப நாம பந்தலுக்குள்ளயா போறமுங்க?"

"ஆமாங்க மாமா."

சொக்கலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, காலியான தெருவைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஹவுராவில் ஓடினோம். பெட்டி என் தலையில், பை சிபியின் கழுத்தில். வண்டி அசைந்துவிட்டது. கதவருகே நின்ற யாரோ கை கொடுத்து மாமனாரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பெட்டியைப் பின்னாலேயே தள்ளினோம். மூச்சு வாங்கியபடி அவர் கதவில் நின்று மருமகனைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க கூட்டிட்டு வந்தீங்க. இல்லாட்டி இந்த ஊர நான் எப்பப் பாக்கறது?"

வண்டியின் கடைசிப் பெட்டி நகர்ந்ததும், அது மறைத்திருந்த மேற்கு வெயில் முழுக்கப் பிளாட்பாரத்தில் விழுந்தது. பேச்சுப்படி பார்த்தால் சிபி தோற்கவில்லை. ஆனால் அவர் போனின் பூட்டைத் திறந்து மனைவியிடம் நீட்டினார்.

"அப்பா ஏறிட்டாருங்களே" என்றார் சுபிக்ஷா.

"டிரைவர் ஏத்துனாரு. ஆப்ப எழுதுனவங்க எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கறாங்க. நான் கோடு போட்டுட்டு அழிக்காம ஊருக்குப் போயிட்டேன். இத்தன மாசமா இத நம்பி எத்தன பேரு சுத்துனாங்களோ. யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?" அவர் நிமிரவே இல்லை. "எது வேணுமோ போட்டுக்க."

சுபிக்ஷா போனை வாங்கினார். திரையில் வரைபடம் அப்படியே திறந்திருந்தது. டாக்குரியாவிலிருந்து காளிகாட் வரை சிவப்புக் கோடுகள். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கினார்.

"இத எப்புடி அழிக்கறதுங்க? ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது."

சிபி பக்கத்தில் போய் நின்றார். எதையும் தொடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கூரையைப் போல வளைத்து, மனைவி கையிலிருந்த திரையின் மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார்.