பார்வையாளர் நேரத்துக்கு முன்

என் இரண்டு கைகளையும் ஒரு மத்தியானத்தில் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, எனக்கு வழிகாட்டியாக வந்த மேடம் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போய்விட்டார். முதியோர் வார்டில் அன்று ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதில் என்னைப் படுக்கச் சொன்னார். நாங்கள் எப்படி மடிப்போமோ அப்படியே காஸ் துணியை மடித்து, மணிக்கட்டுக்கு அடியில் பஞ்சு வைத்து, பக்கக் கம்பியில் முடிச்சுப் போட்டார். இறுக்கவே இல்லை. விளையாட்டுப் போலத்தான் இருந்தது. அவர் கதவைத் தாண்டியதும் எனக்கு மூக்கு அரித்தது. அதற்கப்புறம் மூக்கைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. தலையணையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டை அவிழ்ந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கட்டிலில் பக்கவாதத்தால் பேச்சுப் போன பெரியவர் ஒருவர் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகளும் கட்டித்தான் கிடந்தன. மேடம் திரும்பி வந்து கட்டை அவிழ்த்தபோது எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார். அது ஆறிப்போயிருந்தது.

பெங்களூரில் நான் வேலை பார்த்த அந்தத் தனியார் மருத்துவமனையில், வார்டுப் பொறுப்பில் இருந்த நர்சுகளுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஒரு வருஷத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆளுக்கொரு வழிகாட்டி. வேறு மருத்துவமனையில் மேட்ரனாக இருக்கும் ஒருவர் வாரம் ஒருநாள் வந்து நம்மோடு வார்டில் நிற்பார். எனக்கு வாய்த்த மேடம் என்னைவிட வயதில் சின்னவர். அதை நான் லேசில் மன்னிக்கவில்லை. விவேக் நகரில் பிறந்து, படிப்பு முடித்த நாளிலிருந்து வயதானவர்களைப் புரட்டிப் போட்டு, புண் கழுவி, இடுப்பு விட்டுப்போனவள் நான். கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி எனக்கு நிர்வாகம் சொல்லித்தரப் போகிறாளாக்கும் என்று வீட்டில் கணவரிடம் பொருமித் தீர்த்தேன். வந்த முதல் நாள் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. கட்டில் கட்டிலாக நின்று, அவரவர் கையைத் தொட்டுப் பேசிவிட்டு வந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“சிஸ்டர், எல்லாருக்கும் கை வறண்டு செதில் செதிலா கிடக்குது. மணிக்கட்டு மட்டும் ஏன் எண்ணெய் தடவுன மாதிரி மினுங்குது?”

எண்ணெய் தடவியதால்தான் மினுங்கியது. அந்த வார்டின் வழக்கம் அது. நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்பிருந்தே இருந்தது, எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மறதி நோய் முற்றியவர்கள் மூக்குக் குழாயைப் பிடுங்குவார்கள், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் குறைவு. அதனால் கைகளைக் கட்டிவிடுவோம். கட்டுவதற்கு வீட்டாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி உண்டு. கேட்டால் கேள்வி வரும் என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் பார்வையாளர்கள் வருவதற்குச் சற்று முன்னால் எல்லாக் கட்டையும் அவிழ்த்து, தழும்பு தெரியாமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவி, தலை வாரிவிட்டு, தலையணையை உயர்த்தி வைப்போம். பிள்ளைகள் வந்து பார்க்கும்போது எல்லாரும் பளிச்சென்று இருப்பார்கள். “நல்லா பாத்துக்கறீங்க சிஸ்டர்” என்று சொல்லி, ஸ்வீட் பாக்ஸ்கூடக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை நான் மேடத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம்தான் என்னைக் கட்டிப்போட்டது.

கட்டை நிறுத்து என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று என்னையே கேட்பார். நான் எரிச்சலோடு ஒரு பதில் சொல்வேன், அதை நாளைக்கே செய்து பார்ப்போமா என்பார். அப்படித்தான் ஒவ்வொன்றாக நடந்தது. குழாயைப் பிடுங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது, சொல்லத் தெரியவில்லை. சிலருக்குப் புண் வலி. சிலர் எங்களோடு கன்னடத்தில் பேசிப் பழகியவர்கள், நோய் முற்றியதும் தெலுங்குக்கோ தமிழுக்கோ போய்விட்டார்கள், நாங்கள் கன்னடத்திலேயே அதட்டிக்கொண்டிருந்தோம். அலைகிறவர்களின் கட்டில்களை எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். நர்சுகள் முணுமுணுத்தார்கள். உத்தரவு போட்டுவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால், மேடம் விடமாட்டார். எந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்கிறேனோ அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் முதல் நாள் முழுக்க நான்தான் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கால் வீங்கிப்போய் வீட்டுக்குப் போவேன், அவரைத் திட்டிக்கொண்டே போவேன். மழைக்காலம் முடிவதற்குள் வார்டில் ஒரு கட்டும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் பிள்ளைகள் பாஸானபோதுகூட வந்ததில்லை.

அந்த வார்டில் காக்ஸ் டவுனைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானமானால் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று பதறுவார். கை அவிழ்ந்த பிறகு துண்டுகளை மடிக்கக் கொடுத்தோம். அழகாக மடிப்பார், நாங்கள் பிரித்துக் கொடுத்தால் மறுபடியும் மடிப்பார். ஒருநாள் துண்டுகளையெல்லாம் மடித்து முடித்துவிட்டு, கால்மாட்டுப் பக்கமாக ஏறி இறங்கியிருக்கிறார். கேரளத்து இடுக்கியிலிருந்து வந்திருந்த நர்சுப் பெண் அப்போது திரைக்குப் பின்னால் வேறொருவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது அம்மா தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர் அலறவில்லை. ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

மகனுக்குத் தகவல் போயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார். அதற்குள் நிர்வாக அதிகாரி வார்டுக்கு வந்துவிட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லுங்கள், கூட நிற்காத நர்சை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்றும் சொல்லுங்கள், விஷயம் முடிந்தது என்றார். இடுக்கிப் பெண் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அன்று அவருக்கு விடுப்பு நாள். ஆட்டோ பிடித்து வந்தார். அவர் வந்து பேசிவிடுவார், பெரிய மேட்ரன் பேச்சுக்கு மரியாதை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதிகாரியிடம் எதுவும் பேசவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“நான் பக்கத்துல உக்காந்துக்கறேன் சிஸ்டர். பேச வேண்டியது நீங்க. இது உங்க வார்டு.”

அவரை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். மகன் என்னைவிட இளையவர், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய அம்மாவின் கைகளைப் பல மாதங்கள் மத்தியானங்களில் கட்டி வைத்திருந்தோம் என்பதையும், அவர் வருவதற்கு முன்னால் அவிழ்த்து எண்ணெய் தடவினோம் என்பதையும், பிறகு கட்டுவதை நிறுத்தினோம் என்பதையும், அதனால்தான் இன்றைக்கு இறங்க முடிந்தது என்பதையும் சொன்னேன். முடிவு என்னுடையது, அந்தப் பெண் மேல் தப்பில்லை என்றேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று காத்திருந்தேன். அவர் சாதாரணக் குரலில்தான் கேட்டார்.

“கட்டியே வெச்சிருக்கலாமே சிஸ்டர்?”

 மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எந்தக் கேள்விக்கும் இன்னொரு கேள்வி வைத்திருக்கும் அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அடக்கத்தன்று சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, மகனின் கண்ணில் படாமல் வந்துவிட்டேன்.

இடுக்கிப் பெண்ணின் வேலை தப்பியது. அது ஒன்றுதான் தப்பியது. என்னைப் புறநோயாளிகள் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் மருத்துவமனையில் பயிற்சி அதோடு நின்றது, மேடத்தை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர் முதல் வாரத்திலேயே மறுபடியும் காஸ் துணியைக் கையில் எடுத்துவிட்டார். மத்தியானங்களில் அந்தப் பக்கம் போகாமலிருக்க நான் மாடிப்படியைச் சுற்றிப் போவேன். ஒரு வருஷம் பாடுபட்டுக் கட்டியது ஒரு வாரத்தில் போயிற்று என்று மேடத்திடம் ஃபோனில் அழுதிருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பார். பயிற்சிக்காக வந்துகொண்டிருந்த அதே கிழமையில் ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டார். ஒரு வாரம் கூப்பிடவில்லை. அப்போதுதான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது, அதுவும் அவருடைய தங்கை சொல்லித்தான்.

வீட்டில் போய்ப் பார்த்தேன். பாதியாகிவிட்டிருந்தார். நர்சுக்கு நர்ஸ் பொய் சொல்ல முடியாதில்லையா, நன்றாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவர் பேசியதெல்லாம் அந்த டைப்பிஸ்ட் அம்மாவைப் பற்றித்தான்.

“கட்டை அவுத்தது தப்பில்ல சிஸ்டர். அதையும் திருட்டுத்தனமா அவுத்தோம் பாருங்க. அவுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்கே தோணல.”

கட்டியதை மறைத்தோம், அதனால் அவிழ்த்ததையும் மறைக்க வேண்டி வந்தது. இவ்வளவு எளிமையான ஒன்று இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் முழுக்கப் புலப்படவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மேடம் போய்விட்டார். இத்தனை நாளும் அவரை மேடம் என்றே கூப்பிட்டேன், அவரும் என்னைச் சிஸ்டர் என்றே கூப்பிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிற அளவுக்கு நாங்கள் நெருங்கவில்லை. ஆனால் இப்போதும் ஏதாவது முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாற்போலவே இருக்கிறது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. பேசமாட்டாரே என்று வேதனையாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பொறுப்பில் இருக்கிறேன். சேர்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே கையைக் கட்ட மாட்டோம், கவனித்துக்கொள்வோம், அப்படியும் விழலாம், விழுந்தால் நடந்தது நடந்தபடி சொல்வோம். சிலர் யோசித்துவிட்டுச் சேர்க்கிறார்கள். பலர் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு மகள் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கெட்டவள் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தாள்.

“விழுந்துட்டாங்கன்னா என்னால முடியாது சிஸ்டர். நீங்க கட்டிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அந்த அம்மாவுக்கு இன்னும் காது கேட்கும், சொல்வது புரியும். மகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடியிலிருந்த தன் இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, என் முன்னால் நீட்டினார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். மகளிடம் சொல்ல வேண்டியதை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.