மாடியில் மாவு, கீழே ஃபுட்பால்

வைத்தீஸ்வரனுக்கு ஆண்டுக்கு ஒன்றாவது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். வேலை அலிப்பூரில், ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவில். பவானிபூரிலிருந்து டிராமில் போய்வருவார். வங்காளி எழுத்தைப் படித்ததே அந்த டிராமில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டுவார். இனிப்புக் கடைகளில் தொடங்கி, கூட்டெழுத்து மிகுந்த ஹோமியோபதி டாக்டர் பெயர்கள் வரை முன்னேறினார். அதற்கு அடுத்த ஆண்டு சுருக்கெழுத்து. அப்புறம் எஸ்ராஜ் என்ற வங்காளத்து வில் வாத்தியம் வாசிக்க ஆரம்பித்தார். அதை அவர் மனைவி பாகீரதியே ஒரு நாள் உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள்.

"உங்களுக்கு நன்னாத்தான் வரது. கேக்கறவாளுக்குத்தான் வரலை" என்றாள்.

அவருக்கு இதில் வருத்தமில்லை. மனிதன் ஒரு காரியத்தில் தேறாவிட்டாலும், அதைத் தொட்டுப் பார்த்தவன் என்ற அளவில் கொஞ்சம் வளர்ந்துதான் இருப்பான் என்பது அவர் கட்சி. எந்த யந்திரத்தையும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்றும் சொல்வார். வீட்டில் மூடி கழற்றப்படாத பொருள் குத்துவிளக்கு ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுவில் தபால் மூலம் ரேடியோ பழுதுபார்க்கும் பாடம் படிக்க ஆரம்பித்தார். டில்லியிலிருந்து மாதாமாதம் ஒரு கட்டு வரும். சாந்தினி மார்க்கெட்டில் பற்றவைக்கும் கோல் வாங்கினார். அங்கே போன ஒரு நாளில்தான், கப்பலிலிருந்து கழித்துப்போட்ட ஏதோ யந்திரத்தின் மோட்டாரும் கண்ணில் பட்டது.

அந்தச் சமயம் பாகீரதிக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இனிமேல் மாவாட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இட்லி நின்று பல நாளாகியிருந்தது. வைத்தீஸ்வரன் சிறிய ஆட்டுக்கல் ஒன்றை இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, அந்த மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டுக் குழவியைச் சுற்ற வைத்தார். முதல் நாள் மாவு சுவரெல்லாம் தெறித்தது. சக்கரத்தை மாற்றி, வேகத்தைக் குறைத்து, தகரத்தில் ஒரு வளையம் கட்டியதும் ஒழுங்காக அரைத்தது.

வீட்டுக்காரர் தாஸ்குப்தா கீழ்த்தளத்தில் இருந்தார். கிழக்கு வங்காளத்து மைமன்சிங்கிலிருந்து வந்தவர், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். மாடிக்கு வந்து யந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வைத்தி பாபு, சத்தம் கேட்டாப் பரவாயில்லை. நானே சத்தமாப் பேசறவன். ஆனா என் வீட்டுக்கு இதால ஒரு தொந்தரவு வந்தா, அன்னிக்கே இது படியிறங்கிடணும். சரியா?" என்றார்.

"சரி தாதா" என்று வைத்தீஸ்வரன் அண்ணன் முறை வைத்து ஒப்புக்கொண்டார்.

பாகீரதிக்கு யந்திரம் பிடித்திருந்தது, ஆனால் பயமும் இருந்தது. "நீங்க ஆத்துல இல்லாதப்ப நான் அதைத் தொடமாட்டேன். பெல்ட் அறுந்து மூஞ்சியில அடிச்சா?" என்பாள். அதனால் சனிக்கிழமை மத்தியானம் அவர் அலுவலகத்திலிருந்து வந்து சாப்பிட்ட பிறகுதான், கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து மாவு அரைபடும்.

தாஸ்குப்தாவின் சனிக்கிழமை மத்தியானங்கள் ஃபுட்பாலுக்குச் சொந்தம். பெரிய வால்வு ரேடியோவைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து மேட்ச் வர்ணனை கேட்பார்கள். அவர் ஈஸ்ட் பெங்கால் பக்கம். எதிர்வீட்டு கோஷால் மோகன் பகான் பக்கம். மேட்ச் முடியும்வரை இருவரும் ஒருவர் கொடுக்கும் தேநீரை மற்றவர் குடிக்கமாட்டார்கள்.

ஆட்டுக்கல் வந்து சில வாரம் கழித்து தாஸ்குப்தா படியேறி வந்தார். "ரேடியோ கொரகொரங்குது, வைத்தி பாபு. பந்து யார் காலில் இருக்குன்னே தெரியலை. நீங்க படிக்கிறீங்களே, ஒரு பார்வை பாருங்க."

வெளியார் ஒருவர் கொடுத்த முதல் ரேடியோ! வைத்தீஸ்வரன் ஆட்டுக்கல்லை நிறுத்திவிட்டுக் கருவிப் பையோடு கீழே போனார். ரேடியோ தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.

"இப்பதான் கரகரன்னு இருந்தது!" என்றார் தாஸ்குப்தா.

வைத்தீஸ்வரன் மூடியைத் திறந்து தூசி தட்டினார். வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பொருத்தினார். நன்றாகக் கேட்டது. மாடிக்கு வந்தார், பாகீரதி மிச்ச உளுந்தைப் போட்டாள். கீழே மறுபடி கொரகொர.

அடுத்த வாரம் மொட்டை மாடிக்குப் போகும் ஏரியல் கம்பியை மாற்றினார். அதற்கடுத்த வாரம் சுவிட்சைப் பிரித்தார். எப்போது போனாலும் அவர் முன்னால் ரேடியோ சமத்தாக இருக்கும்.

"உங்களைக் கண்டா அதுக்கு பயம். என் கிளாஸ்ல சில பசங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று தாஸ்குப்தா சிரித்தார்.

கோஷால் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்: மதராஸி பாபு வாசலில் கால் வைத்தால் போதும், ரேடியோ குணமாகிவிடுகிறது. 'ரேடியோ பாபு' என்று பெயரும் வந்துவிட்டது. வைத்தீஸ்வரனுக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் காரணம் தெரியாமல் குணமானது குணமில்லை என்ற உறுத்தலும் கூடவே இருந்தது. அதுவரை வந்த பாடமெல்லாம் ரேடியோப் பெட்டிக்கு உள்ளே இருப்பதைப் பற்றித்தான். அவரும் உள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்.

"மேட்ச் முடியறவரைக்கும் எங்களோடயே உட்காருங்க. பயப்படறவன் எவ்வளவு நேரம் பயப்படுவான்னு பார்ப்போம்" என்று ஒரு சனிக்கிழமை தாஸ்குப்தா பிடித்து உட்கார வைத்தார்.

பாதி ஆட்டம் வரை வர்ணனை கண்ணாடி மாதிரி கேட்டது. ஈஸ்ட் பெங்கால் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறிய சமயம், ரேடியோவுக்குள் யாரோ அப்பளம் பொரிப்பது போல் ஆரம்பித்தது. தாஸ்குப்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "பாருங்க! உங்க முன்னாலயே!"

வைத்தீஸ்வரன் ரேடியோவைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே, தளத்துக்கு அந்தப் பக்கம், கடகடவென்று ஒரு பழகிய உருட்டல் கேட்டது. உருட்டல் நின்றது, பொரியலும் நின்றது. உருட்டல் மறுபடி எழுந்தது, பொரியலும் எழுந்தது. அவர் காது சிவந்தது. மெல்ல எழுந்து மாடிக்குப் போனார்.

பாகீரதி முகம் மலர நின்றிருந்தாள். "ஏன்னா, பாத்தேளா? நானே போட்டுட்டேன்! நீங்க சொன்னாப்பல மூடியைக் கழட்டி ஒரு தரம் உள்ள பாத்தேன். பயம் போயிடுத்து."

அவள் தானாக அதைத் தொட்ட முதல் நாள் அது. இது ஓடும்போதெல்லாம் கீழே ரேடியோ பொரிவதை அவர் மெல்லச் சொன்னார்.

பாகீரதி மோட்டாரையே பார்த்தாள். பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "அப்போ இது படியிறங்கணுமா?"

"தொந்தரவு வந்தா இறக்கிடறேன்னு ஒத்துண்டிருக்கேன்."

"இத்தனை நாளா அவாத்து ரேடியோவைத்தானே பிரிச்சேள்? நம்மாத்து மோட்டாரை ஒரு தரம் பிரிச்சுப் பாருங்கோளேன்."

மேட்ச் முடிந்ததும் கீழே போய் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னார். கோஷால்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "டாக்டர் வீட்டிலேயே வியாதியை வளர்த்துக்கிட்டு, வாராவாரம் வந்து நோயாளிக்கு நாடி பார்த்திருக்காரு!"

தாஸ்குப்தா சிரிக்கவில்லை. பாகீரதியை அவர் அண்ணி முறை வைத்து 'பௌதி' என்றுதான் சொல்வார். "பௌதி கை வலி எனக்குத் தெரியும். ஆனா சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கு. அடுத்த சனிக்கிழமை மோகன் பகானோட மேட்ச். அன்னிக்குக் கொரகொரன்னா, ஞாயித்துக்கிழமை காலையில ஆள் கூட்டிட்டு வந்து நானே இறக்கிடுவேன்."

வைத்தீஸ்வரன் அந்த வாரம் வேறு எதையும் படிக்கவில்லை. மோட்டாரைப் பிரித்தபோது, சுழலும் செம்பின் மேல் உரசும் கரித்துண்டுகள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. அங்கே பறந்த தீப்பொறிதான் மின்கம்பி வழியாக இறங்கி ரேடியோவில் பொரிந்திருக்கிறது. புதிய கரித்துண்டை அரத்தில் தேய்த்துச் செம்பின் வளைவுக்குப் பொருந்த வைத்தார். செம்பை மெல்லிய உப்புத்தாளால் மெருகேற்றினார். தீப்பொறியின் தொல்லையை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ள இரண்டு கண்டென்ஸர்களைக் குறுக்கே பற்றவைத்தார். முதல் பற்றவைப்பு திருப்தியாக இல்லை. உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பாகீரதி கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.

சனிக்கிழமை கரண்ட் போகவில்லை. கீழே கூடத்தில் உட்கார இடமில்லை. வைத்தீஸ்வரன் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மேலே கடகடவென்று உருட்டல் கேட்டது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ரேடியோவைப் பார்த்தார்கள். வர்ணனையாளர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

மேலே அரிசி முடிந்து உளுந்து விழுந்தது. வர்ணனை கலையவில்லை. தாஸ்குப்தா வைத்தீஸ்வரன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பௌதிகிட்ட சொல்லுங்க, யந்திரம் இங்கேயே இருக்கட்டும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் மோகன் பகான் கோல் போட்டது. கூட்டத்தின் ஆரவாரம், விசில், வர்ணனையாளரின் கூவல் எல்லாம் தனித்தனியாக, துல்லியமாகக் கேட்டன. கோஷால் நாற்காலிமேல் ஏறி நின்றார். "ஆகா, என்ன தெளிவு! ரேடியோ பாபு, உங்களுக்கு இன்னிக்கு என் வீட்டுல ரசகுல்லா!"

தாஸ்குப்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரேடியோவையே பார்த்தார். பிறகு வைத்தீஸ்வரன் பக்கம் சாய்ந்து, "வைத்தி பாபு, அந்தக் கண்டென்ஸரை ஒரு பத்து நிமிஷம் கழட்டி வைக்க முடியுமா?" என்றார்.

மாடிக்கு வந்தபோது பாகீரதி குழவியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாவுப் பாத்திரம் மூடியிருந்தது. உதவ ஒன்றும் மிச்சமில்லை. வைத்தீஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு, டில்லியிலிருந்து வந்திருந்த அடுத்த கட்டைப் பிரித்து உட்கார்ந்தார்.