சம்பந்தியின் விரல்கள்

என் சம்பந்திக்கு அழகான விரல்கள். இதை நான் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. எழுதுகிறபோதும் வயிறு எரியத்தான் செய்கிறது. அவள் கிழக்கே வயக்காட்டு ஊர்க்காரி. சொந்தமாக வயல் உண்டு, வீடு நிறைய நெல் உண்டு. ஆனால் அது நாற்று நட்ட கை அல்ல. நட்டவர்களுக்கு வரப்பில் நின்று சாயா ஊற்றிக் கொடுத்த கை. ரேகைகள் ஒவ்வொன்றும் கோலப்பொடியில் இழுத்த மாதிரித் தெளிவாக இருக்கும்.

நான் திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீசில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பேரில்தான் ஆபீஸ். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை. தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் கறுத்து, வெந்து, உரிந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தாலும் அது விடாது. அப்படி உரிந்து உரிந்து என் ரேகையெல்லாம் அங்கேயே போயிற்று. ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்த அன்றுதான் அது போன விஷயமே எனக்குத் தெரியும். எந்த விரலை வைத்தாலும் பீப் பீப் என்று கத்தும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுவதை விட்டுவிட்டு வந்து அவர் விரலை வைப்பார்.

வேலையை விட்டு ஆறு வருஷம் ஆயிற்று. ரேகை மெல்லத் திரும்பி வந்தது. ஒருநாள் அதே மெஷின் முதல் தடவையிலேயே பச்சை விளக்கைக் காட்டியது. "பாத்தியளா!" என்று கடைக்காரரிடம் சொன்ன சந்தோஷத்தில் சீனியை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

என் மகள் நர்ஸ். வளைகுடாவில் வேலை. மாப்பிள்ளையும் அங்கேதான். இரண்டு பேரும் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டது. வயக்காட்டு வீட்டுக்கு அண்டி ஆபீஸ்காரி சம்பந்தியானது அப்படித்தான். சம்பந்தி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மகள் உண்டானாள். தலைப்பேறு தாய்வீட்டு உரிமை. ஆனால் ரத்த அழுத்தம் இருந்ததால் டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் இங்கே வர முடியாது, நான்தான் அங்கே போக வேண்டும். அங்கே இருப்பது ஒற்றை அறை வீடு. அதனால் ஏற்பாடு இப்படி: பேறுக்கும் அதன்பின் நாற்பத்தொரு நாளுக்கும் நான். அது முடிந்து நான் திரும்பியதும் சம்பந்தி. இரண்டு பேருக்கும் சேர்த்தே விசாவுக்குப் போட்டுவிடலாம் என்றார் மாப்பிள்ளை.

"எனக்க அம்மைக்கு நான் போனிலயே போட்டுட்டேன். உங்களுக்கும் போடட்டா அத்தை?" என்று கேட்டார்.

"வேண்டாம் மக்கா, நாங்க பாத்துக்கிடுவோம்" என்றேன். திமிர்தான், வேறென்ன. அவளுக்குப் போட்ட கையால் எனக்கும் போட வேண்டுமா என்று தோன்றியது. அந்தத் திமிருக்காக நானும் வீட்டுக்காரரும் குழித்துறையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூன்று நாள் தவம் கிடந்தோம். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் 'நேரம் முடிந்தது' என்று அதுவரை அடித்ததையெல்லாம் விசா இணையதளம் துடைத்துவிடும். குடும்பப்பெயர் என்ன என்று கேட்கும். எங்களுக்கேது குடும்பப்பெயர்? கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகும். வீட்டுக்காரர் பெயரைப் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று அதற்கும் சிவப்பாகும். கடைசியில் கடைக்காரர் ஒரு புள்ளியை வைத்தார். அதை ஏற்றுக்கொண்டது. நல்ல வேளையாக விரல் ரேகை வைக்கத் திருவனந்தபுரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நாள் கிடைத்தது.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

ரேகை வைக்கிற நாளுக்கு ஒரு வாரம் முன்னால் மகள் போனில் குதித்தாள். "அம்மா, நீ வரும்போ குடுத்துவிட அத்தை முந்திரிக்கொத்து செய்யுதாவளாம். ஒரு டின் நிறைய!" எனக்குச் சுருக்கென்றது. முந்திரிக்கொத்தா? பேருக்குத்தான் முந்திரி, உள்ளே இருப்பது பாசிப்பயறும் கருப்பட்டியும். அசல் முந்திரி எதுவென்று நான் காட்டுகிறேன் என்று மனசில் ஒரு வெறி வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற இரண்டு முந்திரி மரமும் அப்போது காய்த்துக் கிடந்தன. பச்சைக் கொட்டையைப் பறித்து, பிளந்து, தேங்காய் வறுத்தரைத்து அந்தப் பிஞ்சுப் பருப்பில் தீயல் குழம்பு வைத்தால் என் மகள் சட்டியை நக்கிவிடுவாள். ஒரு கூடை பறித்தேன். பச்சைக் கொட்டைக்குத்தான் எண்ணெய் அதிகம். இது எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷம் அதில் வெந்தவளுக்கா தெரியாது? சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 'டின் நிறையச் செய்யுதாவளாம், டின் நிறைய' என்று முனகிக்கொண்டே இரண்டு நாள் உரித்தேன். ரேகை வைக்கப் போக வேண்டும் என்கிற நினைப்பு ஒரு நிமிஷம்கூட வரவில்லை. நாலாம் நாள் பத்து விரல் நுனியும் தோல் உரிந்து, இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று ஆகிவிட்டன.

தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏட்டி, எரிச்சல் கைக்கா, மனசுக்கா?" என்று கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிக்கொண்டேன்.

ரேகை வைக்கிற நாளன்று சம்பந்தி நாகர்கோவிலில் ரயில் ஏறி, எனக்கும் பை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் குழித்துறையில் ஏறினேன். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"கையில என்ன மைனி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தேங்கா திருவினதுல பட்டுட்டு."

திருவனந்தபுரம் விசா ஆபீசில் குளிர் ஏசி. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலில் சம்பந்தியைக் கூப்பிட்டார்கள். இடது கை நாலு விரல், வலது கை நாலு விரல், பிறகு இரண்டு பெருவிரல். மூன்று தடவையும் பச்சை விளக்கு. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "வெரி குட் அம்மே" என்றாள் மெஷின் பக்கத்தில் இருந்த பெண். வெரி குட்டாம்! விரலை வைத்ததற்கு!

என் முறை வந்தது. சிவப்பு. துணியால் துடைத்து வைக்கச் சொன்னாள். சிவப்பு. அழுத்தி வைக்கச் சொன்னாள், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னாள். சிவப்பு, சிவப்பு. "அம்மே, பதியுன்னில்லல்லோ" என்று அவளே என்னைவிட வருத்தமாகச் சொன்னாள். நல்ல பிள்ளைதான். திரையை என் பக்கம் திருப்பி, ரேகை பதியாததற்குக் காரணம் கேட்கிற பட்டியலைக் காட்டினாள். வலது கை இல்லை. இடது கை இல்லை. இரண்டு கையும் இல்லை. விரலில் கட்டுப் போட்டிருக்கிறது. இவ்வளவுதான். கை இருக்கிறது, விரல் இருக்கிறது, ரேகை மட்டும் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதில் இடமே இல்லை.

"கை இல்லேன்னு போட்டா இப்பவே போகும் அம்மே. ஆனா கை உண்டல்லோ" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கையில்லாதவர்களைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிப் பெண்ணுக்கும் மனசு இருந்தது, மெஷினுக்குத்தான் இல்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். சம்பந்தி என் தோளில் கை வைத்தாள். "அதனால என்ன மைனி? முதல்ல நான் போய்ப் பாத்துக்கிடுதேன். உங்களுக்குச் சரியானதும் நீங்க வாங்க. யாரு போனா என்ன, நம்ம பிள்ளைதான?"

நம்ம பிள்ளையாம். பெற்றவள் நான். மனசுக்குள் என்னென்னவோ சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. வெளியே, "அதுவும் சரிதான் மைனி" என்றேன்.

ஊரில் எல்லாரிடமும் மெஷின் சரியில்லை என்று சொன்னேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய்யும் இல்லை. மறுபடி நாள் கேட்கப் போனால் தளத்தில் என் பெயருக்கு நேரே 'வந்து முடித்தவர்' என்று இருந்தது. வந்தது உண்மை, முடிக்கவில்லையே! முடித்தவருக்கு இன்னொரு நாள் தரமாட்டார்களாம். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல். அழுத்தி அழுத்திக் கடைசியில் பாட்டுப் போடும், பிறகு தானாக நின்றுவிடும். மெயில் அனுப்பினால் 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று ஒரு பதில் வரும். கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய மனுவை ரத்து செய்து புதிதாகப் போட்டார். கிடைத்த நாளோ பேறுக்குக் கணக்குச் சொன்ன தேதியைத் தாண்டி ஒன்றரை மாசம்.

சம்பந்திக்கு ஒரே வாரத்தில் விசா வந்தது. புறப்படும் முன் பேறுகால மருந்துப் பொடியும் வேது வெந்நீரில் போட உலர்ந்த இலையும் வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் கொடுத்தேன். குளிர்பெட்டிக்குள் உறைந்து கிடந்த பச்சைப்பருப்பைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. அவளும் மகளும் அதைச் சாப்பிடுவதை நினைத்துப் பெட்டிக் கதவையே திறக்கவில்லை. வீட்டுக்காரர்தான் எடுத்துத் துணியில் சுற்றி அவள் பையில் வைத்தார்.

பெண் குழந்தை. சம்பந்திதான் முதலில் கையில் வாங்கினாள். அவள்தான் முதல் குளி குளிப்பாட்டினாள். அவள்தான் என் மகளுக்கு இடுப்பில் வெந்நீர் ஊற்றினாள். எனக்குப் போன் இருந்தது. அதில் பாதி நேரம் கூரைதான் தெரியும், மீதி நேரம் சம்பந்தியின் காது. "அத்தைக்கு எல்லாம் தெரியுதும்மா, நீ கவலப்படாத" என்பாள் மகள். நான் கவலைப்படக்கூடாதாம்! தெரியாமல் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்துவிடமாட்டாளா என்று நான் காத்துக் கிடந்தேன். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது, பயத்துக்கு முன்னால் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்ததை நான் மறைக்கப்போவதில்லை. இப்படியும் ஒரு பிறவி.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் மகள் சாப்பிட்டுக்கொண்டே கூப்பிட்டாள். பின்னால் சம்பந்தி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அத்தை இண்ணைக்குத் தீயல் வச்சிருக்காவ. நீ வைக்குத மாதிரியே இருக்கு."

நான் வைக்கிற மாதிரியே! நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பருப்பு ஒனக்க அம்மை தந்ததாக்கும் மக்ளே" என்றாள் சம்பந்தி பின்னாலிருந்து.

மகள் ஒரு பருப்பை விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அண்டி ஆபீஸ்காரி மகள். சின்ன வயசில் சாயங்காலமானால் என் விரல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டவள் அவள்தான்.

"இது பச்சை அண்டியாக்கும். யாரும்மா உரிச்சா?"

"வாங்கினதுதான் மக்ளே."

"இவ்வளவு முழுசா எந்தக் கடையில கிடைக்கும்? கையக் காட்டு."

"கையில என்ன இருக்கு? நீ சாப்பிடு."

"அம்மா. கையக் காட்டு."

காட்டினேன். புதுத்தோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது. அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ரேகை வைக்கப் போறதுக்கு முன்னாலயா உரிச்ச? எனக்கு அண்டிப்பருப்பா வேணும்? நீயில்லியா வேணும்! வலி வந்தப்ப ஒன்னையல்லா விளிச்சேன்!"

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். நான் பார்த்தது அவள் முகத்தையல்ல. பின்னால் நின்ற சம்பந்தியின் முகத்தை. அது வாடிப்போயிருந்தது. இருபத்திரண்டு நாள் தூக்கமில்லாமல் பார்த்தவள் காதுபட என் மகள் அதைச் சொன்னாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அத்தனை நாள் எரிந்தது அந்த ஒரு நிமிஷத்தில் அணைந்தது. பெற்ற மகள் அழுதுகொண்டிருக்கிறாள், நான் ஜெயித்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தி கிட்டே வந்தாள். பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, அந்த விரல்களால் என் மகளின் கண்ணைத் துடைத்தாள். மகள் அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மக்ளே, அழாத. அம்மையில்லா, அம்மை இஞ்ச இருக்கேன்" என்று நானும் என் பங்குக்குத் திரையில் அவள் தலையைத் தடவப்போனேன். விரல் சிவப்புப் பொத்தானில் பட்டுப் போன் கட்டாகிவிட்டது.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தது சம்பந்தி.

"அவ எனக்க மடியில படுத்திருக்கா மைனி. இப்பத்தான் கண்ணசருதா. நான் பாத்துக்கிடுதேன், நீங்க பொறவு விளியுங்க."