ஆமெனுக்குப் பிறகு ஒரு சொல்

இருபத்தாறு வருடங்களாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன் நான். பிள்ளைகளின் கட்டுரையில் ஓரெழுத்துப் பிசகினாலும் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். அப்படிப்பட்டவன், சொந்த மனைவி சொன்ன ஒரேயொரு சொல்லைப் பிழையாகக் கேட்டுவிட்டு, இரண்டு மாதம் கடவுளோடு கோபித்துக்கொண்டு திரிந்தேன். வெட்கம்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் நடந்தது. காலையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற மனைவி கொடிக்குக் கீழேயே சரிந்து விழுந்தாள். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் மட்டுமல்ல, பேச்சும் போயிருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவளுக்கு "ம்", "ஆ" தவிர ஒன்றும் வரவில்லை. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்றார் டொக்டர்.

பின்னேரம் ஆறரைக்குக் குடும்ப செபம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்த நாட்களிலும் அது தவறியதில்லை. தவறவிடாதவள் அவள், நான் கொட்டாவியோடு கூட இருந்தவன். இப்போது கட்டிலருகே கதிரையைப் போட்டு, நானே வாசித்து, நானே செபித்து, "ஆமென்" சொல்லி எழும்புவேன். மூன்றாம் கிழமை ஒருநாள், எழும்பிய என் இடுப்புச் சாரத்தை அவள் இடது கையால் பிடித்து இழுத்தாள். கோணிய வாயால் ஒரு சொல்லை வெளியே தள்ளினாள்.

"தோத்... தி... ம்."

தோத்திட்டம், தோற்றுவிட்டோம். எனக்கு அப்படித்தான் கேட்டது.

அடுத்த நாளும் ஆமென் முடிய அதேதான். அதற்கடுத்த நாளும். நெற்றி வியர்க்க, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே சொல். ஐந்தாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. "ஓமப்பா, தோத்துத்தான் போனம்" என்றேன். அவள் அழுதாள். புருசனாவது தன்னை விளங்கிக்கொண்டானே என்ற ஆறுதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் படித்த இலக்கியமெல்லாம் எனக்குத் தந்த ஞானம் அவ்வளவுதான்.

இவளே கைவிட்ட பிறகு நான் மட்டும் யாருக்காகப் பிடித்துக்கொண்டிருப்பது? செபத்தை நிறுத்தினேன். ஞாயிறு ஆராதனையை நிறுத்தினேன். போதகர் தேடி வந்தால் "அவவுக்கு ஏலாது" என்பேன். ஏலாமற்போனது எனக்கு. வேதாகமத்துக்கு மேல் பழைய பத்திரிகைகள் ஏறிக் குந்தின.

அவளோ விடவில்லை. ஆறரை ஆனால் கட்டில் சட்டத்தில் இடது கையால் தட்டிக் கூப்பிடுவாள். நான் தொலைக்காட்சிச் செய்தியைச் சத்தமாக வைப்பேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். பிறகு அந்தச் சொல்.

ஒருநாள் அந்த நேரம் பார்த்து, அடுத்த வீட்டுக்காரி தன் தோட்டத்துக் கத்தரிக்காயோடு வந்தா. சைவக்காரி. வெள்ளி தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போறவ. உள்ளேயிருந்து சொல் வந்தது.

"கேட்டியளே?" என்றேன். "ஒவ்வொரு நாளும் தோத்திட்டம், தோத்திட்டம் எண்டுதான் சொல்லுறா. நான் என்னத்தைச் சொல்லித் தேற்றுறது?"

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "என்ன மாஸ்ரர் விசர்க் கதை கதைக்கிறியள்? அவ தோத்திரம் எண்டெல்லோ சொல்லுறா!"

கத்தரிக்காயை மேசையில் வைத்துவிட்டு அவ தொடர்ந்தா.

"பத்து வருசமா வேலிக்கு அங்கால நிண்டு கேக்கிறன். ஆமெனுக்குப் பிறகு ரெண்டு பேரும் மாறி மாறித் தோத்திரம் சொல்லிப்போட்டுத்தானே எழும்புறனீங்கள். இப்ப நீங்கள் சொல்லுறேல்லை. அக்கா தனியச் சொல்லுறா. என்னக்கா, சரியோ?"

கட்டில் சட்டம் படபடவென்று அதிர்ந்தது. மனைவி பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உண்மைதான். ஆண்டவருக்குத் துதி, நன்றி என்று செபத்தை முடிக்கும் அந்தப் பழக்கம் அவளுடைய தாய்வீட்டிலிருந்து வந்தது. அவள் விழுந்த நாளிலிருந்து நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆமெனோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியதே எனக்கு மறந்துபோனது. என்னுடைய பங்கையும் சேர்த்து அவள் அரை உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ, தோற்றுப்போனோம் என்று அவளுக்கே அர்த்தம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குப் பத்திரிகைகளை இறக்கினேன். செபம் திக்கித் திணறித்தான் வந்தது. ஆனால் ஆமெனுக்குப் பிறகு இருவரும் சொன்னோம்.

வந்த ஞாயிறு ஓட்டோவில் தேவாலயம் போனோம். வாசலில் ஆறு படி. "ஏலாட்டித் திரும்புவம்" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். கதிரையில் வைத்துத் தூக்க ஓடிவந்த இரண்டு பேரையும் கையால் விலக்கினாள். என் தோளைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலை இழுத்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி இடது கால். நாங்கள் உள்ளே போய்ச் சேர இரண்டாம் பாட்டும் முடிந்துவிட்டது.

இன்றைக்கும் அப்படித்தான் போகிறோம். வலது கை இன்னும் எழும்பவில்லை. எனக்குச் சந்தேகம் வராத கிழமையுமில்லை. ஆனாலும் ஆறரைக்குக் கதிரையைப் போடுகிறேன். விசுவாசம் என்றால் நெஞ்சு நிறையப் பொங்கும் ஏதோ ஒன்று என்றிருந்தேன். வாயில் வராத சொல்லை வரும்வரைக்கும் தள்ளிக்கொண்டிருப்பதற்கும் அதுதான் பெயர் என்று அவளிடம் படித்தேன்.

போன மாதம் இதையெல்லாம் ஆராதனையில் சாட்சியாகச் சொன்னேன். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். திரும்பும் வழியில், இப்போது ஒவ்வொன்றாகச் சொற்கள் வரத் தொடங்கியிருக்கும் மனைவியிடம், "எப்பிடி?" என்று பெருமையோடு கேட்டேன். யோசித்து, ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னாள்:

"நிறைய... நேரம்... கதைச்சிட்டியள்."