சரிவில் எகிறிய பந்து

அறிவியல் கூடத்துப் பட்டறையில் அந்தத் தச்சருக்குக் 'கண்ணளவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. டேப்பைத் தொடாமலே மயிரிழை பிசகாமல் பலகை அறுப்பார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

திறப்பு விழாவுக்காக இரண்டு மரச்சரிவுகள் கேட்டார்கள். ஒன்று நேர்ச்சரிவு. மற்றது சைக்ளாய்டு: உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி காற்றில் போடும் வளைவு. அதைக் கவிழ்த்து வைத்தால் பந்து அதைவிட வேகமாக இறங்க வேறு பாதையே கிடையாது. இந்த வளைவுக்காக அந்தக் காலத்துக் கணித மேதைகள் ஒருவரையொருவர் திருடன் என்றுகூடத் திட்டிக்கொண்டார்களாம். பொறுப்பாளரம்மா இதையெல்லாம் சொல்லி, "சக்கரத்தை உருட்டி வரைஞ்சுக்கோங்க" என்றார்.

"வளைவுதானே மேடம், என் கண்ணுக்குத் தெரியாதா?"

விழாவன்று அவர் மனைவியும் மச்சானும் முன்வரிசையில் இருந்தார்கள். பந்துகளை விட்டார்கள். வளைவில் போன பந்து அடியில் முட்டி எகிறி, சிறப்பு விருந்தினரின் நாற்காலிக்கடியில் போய் நின்றது. நேர்ச்சரிவுப் பந்து சாவகாசமாக ஜெயித்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பந்து உருண்டையா இல்ல. லேத்துல கடையறப்பவே கோட்டை விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டார் கண்ணளவு.

பந்தைக் கடைந்த லேத்துக்காரம்மா அங்கேதான் நின்றிருந்தாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். "யாரு மாமா இப்பல்லாம் ஒழுங்கா வேலை செய்யறா?" என்று மச்சான் ஒத்து ஊதினான். அந்த ஆறுதல்தான் அவருக்கு முள்ளாகத் தைத்தது.

மறுநாள் சைக்கிள் சக்கரத்தில் பென்சிலைக் கட்டிப் பலகையோரம் உருட்டினார். விழுந்த கோட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்; அது செங்குத்தாக இறங்கி, போகப்போக நைசாகப் படுத்தது. அவர் அறுத்ததோ அடியில் முழங்கைபோல மடங்கியிருந்தது. காதுமடல் சுட்டது.

பொறுப்பாளரம்மாவை லேத்தருகே அழைத்து வந்தார். "தப்பு என்னோடது மேடம். பந்து மேல பழி போட்டுட்டேன்." என்றவர் லேத்துக்காரம்மா பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா."

அவள் லேத்தை நிறுத்தினாள். "பழி போட்டது ஊரே பார்க்க. மன்னிப்பு மட்டும் பட்டறைக்குள்ளயா, அண்ணே?"

அவர் பென்சில் கோடு விழுந்த பலகையை அறுக்கப் போனார்.

புதுச் சரிவைக் காட்டிய அன்று கூடம் நிறையப் பிள்ளைகள், பெற்றோர்கள். அவரே முன்னால் வந்து, "போன தடவை பலகையைக் கெடுத்தது நான்தான். பந்துல ஒரு குத்தமும் இல்ல" என்றார். லேத்துக்காரம்மா பந்துகளை விட்டாள். வளைவுப் பந்து முந்திக்கொண்டு ஓடியது.

"மறுபடியும்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"பந்தை எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள் லேத்துக்காரம்மா.

எடுத்துக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.