கொட்டாஞ்சேனையில் ஒரு தாரா விருந்து

எனக்குக் கிடைக்காத ஒன்றைக் கொண்டாடுவதற்கு, இருந்ததில் நல்ல சேலையைத் தேடிக் கட்டிக்கொண்டு போன நாள் அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. ஆனால் கொழும்பில் அரிசி இன்னமும் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. நானும் என் சிநேகிதியும் வெள்ளவத்தையில் ஒரே பாட்டு வாத்தியாரிடம் படித்துக்கொண்டிருந்தோம். என் அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அவளுடைய அப்பா புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்தார். ரேடியோவில் தமிழ்ப் பாட்டுக்குப் புதுக் குரல்கள் எடுக்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னதும் இரண்டு பேரும் குரல் சோதனைக்குப் போனோம். அவள் அப்பாவின் காரில் வந்து இறங்கினாள். நான் தையல் வகுப்பென்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன்.

அவளை எடுத்தார்கள். என்னிடம், "சுருதி நல்லா நிக்குது, ஆனால் மைக்குக்கு எடுபடாத குரல்" என்றார்கள்.

அதைவிட வலித்தது வேறொன்று. அவள் பாடித் தெரிவான கீர்த்தனையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கூவைக்கட்டு வந்து கன்னம் வீங்கி அவள் வகுப்புக்கு வராமல் கிடந்த நாட்களில், அவளுடைய வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு, உள்ளே போகாமல் அதில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். அனுபல்லவியில் அவள் போட்ட அந்தச் சின்னச் சங்கதிகூட என்னுடையது.

அவளுடைய அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் மேல்மாடியில் ஒரு சீனக் குடும்பம் நடத்திய சாப்பாட்டுக்கடையில் விருந்து வைத்தார். வாணலியும் கம்பியும் ஆணியும் அந்தக் கடைக்காரர் இவரிடம்தான் வாங்குவார். இரண்டு பேரும் சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டு தோளில் தட்டிக்கொள்வார்கள். கீழே கண்ணாடிக்குப் பின்னால் வாட்டிய தாரா வாத்துகள் கழுத்தோடு வரிசையாகத் தொங்கின. தோல் தேக்கு மேசைக்கு வார்னிஷ் பூசியதுபோல மினுங்கியது. நான் அதுவரை தாரா இறைச்சி சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சியே தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான்.

மேலே வட்ட மேசையில் நான் எதிர்பாராத இரண்டு பேர் இருந்தார்கள். மெலிந்த ஓர் இளைஞர், பக்கத்தில் அவருடைய தாயார்.

"ஆரடி இவை?" என்று சிநேகிதியின் காதில் கேட்டேன்.

"அம்மா கூப்பிட்டவ. கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. எஞ்சினியராம்."

குரல் போதாதென்று எஞ்சினியருமா? நான் நாப்கினை மடியில் விரித்து அதன் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

தாரா முழுசாக வந்தது, தலையோடு. கடைக்காரர் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, பக்கத்து மேசையில் வைத்து அகலக் கத்தியால் தானே வெட்டினார். தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, பிறகு உப்பு, பிறகு கொழுப்பு கரைந்து நாக்கெல்லாம் பரவியது. அவ்வளவு ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை. அது அவளுடைய விருந்து என்பதால் ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

அவளுடைய அப்பா சோடாக் கிளாசைத் தூக்கிப் பிடித்தார்.

"என்ரை மகள் ரேடியோவிலை பாடப்போறா. யாழ்ப்பாணத்திலை இருக்கிற சனமும் கேக்கப்போகுது!"

எஞ்சினியரின் தாயார் சிரித்தார். "சந்தோஷம். கலியாணத்துக்கு முதல் ரெண்டு மூண்டு தரம் பாடட்டும். பிறகு தேவையில்லைத்தானே. தேத்தண்ணிக் கடையிலை கண்டவன் நிண்டவனெல்லாம் இருந்து கேக்கிறது எங்கடை குடும்பத்துக்குச் சரிவராது."

சிநேகிதியின் அம்மா, "ஓம், ஓம், அது பிறகு பாப்பம்" என்று அவசரமாகச் சொன்னார். எஞ்சினியர் ஓர் எலும்பை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் என் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கார், அப்பா, குரல், எஞ்சினியர் என்று எல்லாம் ஒன்றாக வருமா? ஒன்றையாவது விடு, அதையும் என் முன்னாலேயே விடு என்று நினைத்தேன். மேசைக்குக் கீழே அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மாமி," என்றாள். "பாட்டை விடவேணுமெண்டால் எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அவளுடைய அம்மா நெற்றியில் கையை வைத்தார். எஞ்சினியர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நான் அவளுடைய அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எந்த அப்பாவும் இப்போது எழும்பிக் கத்துவார். குறைந்தது "வாயை மூடு" என்றாவது சொல்வார்.

அவர் கரண்டியை எடுத்தார். மிஞ்சியிருந்த தாராக் காலை எடுத்து மகளுடைய தட்டில் வைத்தார்.

"பிள்ளை தன்ரை எண்ணத்தைச் சொல்லிப்போட்டாள்," என்று எஞ்சினியரின் தாயாரிடம் அமைதியாகச் சொன்னார். "அவளின்ரை விருப்பந்தான் என்ரை விருப்பம். நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

அந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நன்றாகவே சாப்பிட்டார். மொறுமொறுத்த தோலாகப் பொறுக்கி இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

நான் குனிந்து என் தட்டைப் பார்த்தேன். அதுவரை என் எரிச்சலெல்லாம் அவளுடைய குரல்மேல்தான். சாதகம் செய்தால் குரல் எனக்கும் வரலாம். அந்தத் தாராக் காலை என் தட்டில் வைக்க யார் இருந்தார்கள்?

திரும்பும்போது என்னை வீட்டில் இறக்கிவிட அவர்களுடைய காரிலேயே போனேன். அவள் அப்பா முன்னாலிருந்து கேட்டார்: "நீயும் நல்லாப் பாடுவாய் எண்டு இவள் சொல்லுறவள், பிள்ளை. அடுத்த முறையும் போய்ப் பார். கொப்பரோடை நான் கதைக்கட்டே?"

"வேண்டாம் மாமா, அப்பாவோடை நானே கதைக்கிறன்."

இறங்கும்போது அவள் என் காதில் சொன்னாள்: "எனக்குச் சரியான பயம், தெரியுமே? உன்ரை கையைப் பிடிச்சிருந்தபடியாத்தான் சொன்னனான்."

நான் தலையாட்டினேன். அந்தக் கைக்குச் சொந்தக்காரி என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள் காலை, அப்பா கந்தோருக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, ரேடியோச் சோதனைக்குப் போன கதையைச் சொன்னேன். கத்துவார் என்று பயந்திருந்தேன். அவர் கத்தவில்லை. கயிற்றைக் கட்டியபடியே கேட்டார்:

"உன்னை எடுத்தவங்களே?"

"இல்லை அப்பா."

"பிறகென்ன கதை?" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கல்யாணம் பேச்சோடு நின்றது. அவள் பல வருஷம் பாடினாள். பின்னர் அவள் கட்டியவர், அவள் பாடப்போகும் நாட்களில் ரேடியோ நிலைய வாசலில் காத்திருந்து கூட்டிவருவாராம். நான் மறுபடி சோதனைக்குப் போகவில்லை. அப்பா பார்த்த இடத்தில் கல்யாணமாகிக் கல்கிசைக்குக் குடிபோனேன். என் கணவர் நல்ல மனுஷர். அவளுடைய பாட்டு வந்தால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நிற்பேன். எங்காவது சுருதி பிசகுமா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்கத் தொடங்குவேன். பிசகாது. பாட்டு முடியும்வரை என்னால் அந்த இடத்தைவிட்டு அசையவும் முடியாது.

ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு ரசிக்கிறீர், உமக்கும் பாட்டுத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம்," என்றேன்.

"அப்ப ஒண்டு பாடுமன்."

பாடினேன். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த கீர்த்தனையைத் தவிர்த்து, வேறொன்றை.