வேலைக்காரி சாவுக்கு எதற்கு மேளம்?

நாடகக் குழுவில் அவரை எல்லோரும் 'தட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த நாளிலிருந்து தட்டேந்தி வரும் வேலைக்காரி வேடம் மட்டுமே அவருக்குக் கிடைத்தது. புதிய நாடகத்தில் ராஜாவின் உணவை ருசி பார்த்து, விஷமேறி முதலில் சாகிறவளும் வேலைக்காரிதான். அவள் விழும்போது மேளக்காரர் 'டமால்' என்று ஒன்று போடுவார், சபை சிரிக்க வேண்டும்.

"எதுக்குங்க டமால்? அவ செத்துல்ல போறா?" என்று ஒத்திகையில் கேட்டார் அக்கா.

"ராஜா செத்தா சோகம், வேலைக்காரி செத்தா காமெடி. காலங்காலமா அப்படித்தாம்மா," என்றார் இயக்குநர்.

"ஏன், அவ உயிரு தள்ளுபடியில வந்துச்சா?"

இயக்குநர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அக்கா நேரே மேளக்காரரிடம் போனார். "தம்பி, நாளைக்கு நான் விழறப்போ கையைக் கட்டிக்கிட்டு இருடா."

மறுநாள் அரங்கேற்றம். மேளம் ஒலிக்கவில்லை. விழுந்தவரின் கை, உருண்டோடிய கிண்ணத்தைத் தேடித் துழாவியது. முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினார். கடைசியில் வாள்வெட்டுப் பட்ட ராஜா மேடை முழுக்கத் தள்ளாடித் தள்ளாடிச் செத்தபோது, "சட்டுனு முடிய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அரங்கமே கொல்லென்று சிரித்தது.

அக்காவின் வேடத்தைப் பறித்துவிட்டார்கள். நன்றாக நடித்ததற்குத் தண்டனை! ராஜாவாக நடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்ப்பார்களாம்.

"எதுக்கு மன்னிப்பு? ஒழுங்கா செத்ததுக்கா?" என்று கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.